கல்லா, பஞ்சா

என் கடையில் வாய் திறந்து கிடந்த பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஒரு டாக்சிக்கு ஊற்றிவிட்டார்கள், அதனால்தான் அந்த வண்டி இறக்கத்தில் நிற்காமல் ஓடியது என்று ஒரு பேச்சு இன்றைக்கும் உண்டு. எனக்குப் பின்னால் தொழிலுக்கு வந்தவர்கள் அதை வாய்க்கு ருசியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னவனே நான்தான். ஏன் சொன்னேன் என்று எழுத வேண்டுமானால் என் வீட்டுக்காரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவள் இப்போது இல்லை. இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டாள்.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மகள் பிழை பார்க்கிறாள். மரக்கடைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டகை, ஒரு ஜாக்கி, பழைய ஸ்பேனர் செட் ஒன்று, அதுதான் ஆரம்பம். இன்றைக்கு அதே இடத்தில் காரை அப்படியே தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் நான்கு நிற்கின்றன. இன்ஜின் வேலைக்கு எத்தனையோ பேர் இருக்கலாம், பிரேக் என்று வந்துவிட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. ஒரே ஒருத்தி இருந்தாள், அவளும் கையால் தூக்கவில்லை. காலால் மிதித்து மிதித்துத்தான் என்னை மேலே கொண்டுவந்தாள்.

பிரேக் ஆயில் மாற்றுவது ஒற்றை ஆள் வேலை கிடையாது. ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் குனிந்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, பழைய ஆயிலையும் குழாயில் சிக்கியிருக்கிற காற்றையும் வெளியே விட்டு, திரும்ப முடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றே சொல்தான். அமுக்கு. பிடி. விடு. கீழே இருப்பவர் நிப்பிளை மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை செய்த பாடெல்லாம் வீண்.

கொட்டகை போட்ட புதிதில் எனக்கு ஆள் கிடையாது. பெடலை மிதித்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஓடுவேன். கட்டை நழுவும். திரும்ப ஓடுவேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் நின்று இதை வேடிக்கை பார்த்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, என்னைக் கேலி செய்ய இன்னும் கூச்சம் இருந்தது. அப்படியும் கேட்டுவிட்டாள், இது வேலையா இல்லை ஓட்டப்பந்தயமா என்று. கேட்டுவிட்டு, தூக்கைக் கீழே வைத்து, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் தடவையே நான் சொல்வதற்கு முன் காலை எடுத்துவிட்டாள். நான் கத்தினேன். வேறொருத்தியாக இருந்தால் தூக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இவள் இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"நான் காலை எடுத்தா இங்க என்ன ஆகுது? காட்டுங்க, பார்க்கணும்."

நிப்பிளில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ் பின்பக்கமாக ஓடி நிப்பிளுக்குள் நுழைவதைக் காட்டினேன். எறும்பு பொந்துக்குள் போகிற மாதிரி இருக்கிறதே என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் ஒருநாள்கூட முன்கூட்டிக் காலை எடுத்தது கிடையாது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். செருப்போடு மிதித்தால் வேறு யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். அந்தப் பாதத்துக்கு என்ன தெரிந்ததோ, எனக்குச் சொல்லத் தெரியாது. குழாயில் காற்று மிச்சம் இருந்தால் பெடல் கொஞ்சம் மெத்தென்று அமுங்கும், அதற்கு அவள் வைத்த பெயர் பஞ்சு. காற்றே இல்லாமல் ஆயில் நிறைந்துவிட்டால் பெடல் பாதி வழியில் கெட்டியாக நின்றுவிடும், அது கல். வேலை முடிகிற நேரம் கீழேயிருந்து நான் கேட்பேன், கல்லா பஞ்சா என்று. மேலேயிருந்து ஒரே சொல் வரும். பஞ்சு என்றால் நான் திரும்பக் குனிவேன். கல் என்றால் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிடுவேன். அவள் கல் சொன்ன பிறகு நான் ஏறி உட்கார்ந்து மறுபடி மிதித்துப் பார்த்ததே இல்லை. அது அவள் முகத்துக்கு நேராகச் சந்தேகப்படுகிற மாதிரி. என் கடையில் அந்தப் பழக்கம் கிடையாது.

மிதிக்கும்போது கண்ணாடி வழியே நேராகத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், ஏதோ தானே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. எங்கே பயணம் என்று கேட்டால், இங்கேதான், தெரிந்தவர்கள் வீடு வரைக்கும் என்பாள். வண்டி ஓட்ட அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. எந்த டிரைவரும் உட்காராத அளவுக்கு எத்தனையோ வண்டிகளின் சீட்டில் உட்கார்ந்தவள், ஓர் அடி தூரம் ஓட்டியதில்லை.

மகள் பிறந்தாள், ஆட்கள் வந்தார்கள், கொட்டகை கட்டடமாயிற்று. அந்தச் சீட்டை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒரு டாக்சிக்காரர். வெறும் தெருவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார், அதனால் நாங்கள் அவரை ஹாரன் என்றுதான் சொல்வோம். அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. அக்கா கல் சொல்லிவிட்டார்களா, சரி, சாவியைக் கொடுங்கள் என்பார்.

இப்போது டப்பா விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது ஆயிலே கிடையாது. ஆயில் தண்ணீரோடு சேராது. இது தண்ணீர் எங்கே எங்கே என்று அலைகிற சாதி. டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் போதும், காற்றில் இருக்கிற ஈரத்தைக் கமுக்கமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடாகும்போதுதான் குடித்ததெல்லாம் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் அது அமுங்கிக் கொடுத்துவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி அது பாட்டுக்குப் போகும். வண்டிக்குள் இருக்கிற ஆயிலும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்தது இரண்டு வருஷத்தில் கடுங்காப்பி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மாற்றச் சொல்கிறோம், எங்கள் பிழைப்புக்காக அல்ல.

டப்பாக்கள் முழுக்க அவள் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிக்கு எட்டாத சுவரில், வெயில் விழாத மூலையில், கதவு வைத்த மர அலமாரி ஒன்று செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பெரிய கேன் வாங்க விடமாட்டாள், சின்ன டப்பாதான். ஒரு வண்டிக்கு ஒன்று, அந்த வண்டிக்கு முன்னாலேயே மூடியைத் திருகி, வாயில் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளைக் கிழிக்க வேண்டும். மிஞ்சியதற்கு 'வாய் திறந்தது' என்று பெயர். அதை அலமாரிக்குள் திரும்ப வைத்தால் கொலைக்குற்றம். அன்றைக்கே கழிவு ஆயில் கேனில் கொட்டிவிட வேண்டும். என் கடையில் வாய் திறந்த டப்பா தேடினாலும் கிடைக்காது என்று நான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அதைக் கேட்டால் அவள் சொல்வாள், உங்கள் வாய்க்கும் இப்படி ஒரு மூடி போட்டு அனுப்பியிருக்கலாம் என்று.

பால் ஊற்றுகிறவர் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்ற வந்தார். வீட்டில் கிடந்தது என்று பாதி பாட்டில் கொண்டுவந்திருந்தார், மூடி தொலைந்து போய் வாயில் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தது. பாதிக்கு மேல் இருக்கிறதே, வீணாகப் போகுமே என்றார்.

"வீணாப் போகப்போறது ஆயிலா நீங்களான்னு வீட்ல கேட்டு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றாள். அவர் புது டப்பாவே போடச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கின் ஆயில் கிண்ணம் ஹேண்டில் பாரில் இருக்கும், அதற்குக் கீழேயே பெட்ரோல் டாங்க். ஒரு சொட்டு சிந்தினாலும் பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். அவள் முதலில் ஈரத்துணியை டாங்க் மேல் போர்த்துவாள், காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. அப்புறம்தான் லிவரைப் பிடிப்பாள்.

கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விற்பனைக்காரர் மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிப்பிளில் மாட்டினால் அதுவே பழைய ஆயிலையும் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிடும், பெடலை மிதிக்க யாரும் வேண்டாம், ஒரே ஆள் போதும் என்றார். அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவள், அந்த ஒரே ஆள் யார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அலமாரிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் மெஷின் வாங்கவில்லை. மற்றக் கடைகளெல்லாம் வாங்கின. எங்களிடம் கல்லக்கா இருக்கிறாள் என்று மார்தட்டிக்கொண்டேன்.

சர்க்கரை அவளுக்கு வந்து நெடுநாளாகியிருந்தது. மாத்திரை சாப்பிட்டாள், இனிப்பை விட்டாள், அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. ஒருநாள் கடைக்குள் நடந்து வரும்போது அவளுடைய ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று நின்றுவிட்டது. அவள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். உன் செருப்பு உன்னோடு கோபித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். திரும்பிப் போய்க் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை நுழைத்தாள்.

அதற்குப் பிறகு சீட்டில் உட்கார்ந்தால் அவள் தெருவைப் பார்ப்பதில்லை. குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல் என்கிற சொல் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது. வயதாகிறது என்று நினைத்தேன்.

ஒரு மழைக்கால மத்தியானம், ஹாரன் நடந்து வந்தார். உதட்டில் வெட்டு, சட்டையில் மணல். முந்தின நாள்தான் அவர் வண்டிக்கு ஆயில் மாற்றி அனுப்பியிருந்தோம். ஊர் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து இறக்கத்தில் பெடல் உள்ளே போய்விட்டதாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய் மோதி நிறுத்தியிருக்கிறார். பின் சீட்டில் ஆள் இல்லை, அந்தமட்டும் பிழைத்தோம். கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"கடையை விட்டு எடுக்கும்போதே கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு அண்ணே. அக்கா கல் சொல்லிட்டாங்களேன்னு விட்டுட்டேன். என் காலை விட அக்கா காலைத்தான் நம்பினேன்."

என் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அது என் தப்புதான் தம்பி" என்றாள். "அலமாரிக்குப் பின்னால வாய் திறந்தது ஒண்ணு கிடந்துச்சு. அவசரத்துல அதை எடுத்து ஊத்திட்டேன். ஆயில் கெட்டுப்போயிருக்கும்."

ஹாரன் நிமிர்ந்து பார்த்தார், கல்லக்காவா என்கிற மாதிரி. முந்தின நாள் அவர் வண்டிக்கு டப்பாவைத் திறந்தது நான். வெள்ளித்தாள் கிழிந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் விழவில்லை, கால்சட்டையில் தேய்த்துத்தான் எடுத்தேன். அது புது டப்பா. என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அதையும், எந்த விஷயத்தில் அவளை நோக்கி யாரும் விரல் நீட்ட முடியாதோ அந்த விஷயத்திலேயே சொன்னாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஹாரனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, நான் பின் சக்கரத்தைக் கழற்றினேன். அவள் எப்போதும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் ஏறினாள். அமுக்கு என்றேன், பிடி என்றேன், நிப்பிளைத் திறந்தேன். கண்ணாடிக் குழாயில் ஆயிலை விடக் குமிழ்தான் அதிகமாக வந்தது. வேலை பாதிகூட ஆகவில்லை. வேண்டுமென்றே அப்போதே கேட்டேன், கல்லா பஞ்சா என்று.

கல் என்றாள்.

குழாயில் குமிழ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் நிப்பிளை மூடிவிட்டு எழுந்து முன்பக்கக் கதவுக்கு வந்தேன். பெடல் ரப்பரின் வரிகளில் சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது. அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். சக்கரத்து நட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் பின் ஒன்று, வளைந்த கம்பி, உள்ளங்காலில் பாதிவரை ஏறியிருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து, மறுபடி கசிந்து, மறுபடி காய்ந்திருந்தது. காலையிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள்.

"ரத்தம் வருது" என்றேன்.

"எங்கே?" என்றாள்.

குனிந்து தன் காலைப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் காலைப் பார்க்கிற மாதிரி. நான் பின்னைப் பிடுங்கினேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை. எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். போன மழைக்கு முன்னாலிருந்தே மரத்துப் போய்விட்டது என்றாள். அப்புறம் எப்படிச் சொன்னாய் என்றேன். முட்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாளாம். பல வண்டிகளுக்கு அது சரியாகவும் இருந்திருக்கிறது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மெஷின் வாங்கிடுவீங்க."

வேட்டைக்காரன் கையில் அகப்பட்ட பறவை மாதிரி அந்தக் கால் என் கையில் இருந்தது, துடிப்பு மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். டப்பாதான் கெட்டது என்று இருக்கட்டும், கால் செத்துப்போனவளைப் பெடலில் உட்கார வைத்தார்கள் என்று பேச வேண்டாம் என்றாள்.

அவள் மரத்த காலோடு கல் சொன்ன வண்டிகள் எல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை விட முடியுமா? ஒவ்வொரு வாடிக்கைக்காரராகத் தேடிப் போனேன். வீட்டுக்குப் போனேன், டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன், சிலரைத் தெருவில் மடக்கினேன். எங்கள் கடையில் வாய் திறந்த டப்பா ஒன்று கலந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவாருங்கள், திரும்பச் செய்து தருகிறேன் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார், அந்தக் கடையிலேயே இப்படியா என்று. ஒருவர் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோனார். எந்த வாயால் இத்தனை காலம் பீற்றிக்கொண்டேனோ அந்த வாயாலேயே அதை அழித்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் கட்டிய கட்டடம், நான் வாங்கிய லிஃப்ட் எல்லாவற்றையும் விட அது பெரிய காரியம். அதைச் செய்ய என்னால் மட்டும்தான் முடியும்.

புண் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் டாக்டரிடம் நான் அந்தக் காலின் பெருமையை எல்லாம் சொன்னேன். குழாயில் ஒரு கடுகளவு காற்று இருந்தாலும் கண்டுபிடிக்கிற கால் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவள் மட்டும் ஒன்று கேட்டாள், இடது காலால் மிதிக்கலாமா என்று. இடது காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது அம்மா, அதைத்தான் இனிமேல் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

அங்கே படுத்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னாள், மெஷினை வாங்கிவிடுங்கள் என்று. இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்காகக் கடைப் பேரைக் கெடுத்துட்டீங்க. நான் இல்லாதப்ப உண்மையைச் சொல்லிக்கோங்க."

காலை எடுத்தார்கள், மெஷின் வந்தது. அது உறிஞ்சும்போது உஸ் என்று சத்தம் போடும். அவள் ஊன்றுகோல்களோடு கடைக்கு வந்து அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மூடி சரியாக முடுக்கியிருக்கிறதா என்று டப்பாவை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். முடுக்கித்தான் இருக்கும், எல்லாம் திறக்காத டப்பா. வேலை முடிந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பாள், கல்லா பஞ்சா என்று. சரியாக இருக்கிறது அக்கா என்பான் அவன். சரியாக இருக்கிறது என்றால் கல்லா பஞ்சா என்று திரும்பக் கேட்பாள். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியாது. நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஹாரன் எங்களை விட்டுப் போகவில்லை. ஆயில் மாற்றுகிற காலம் வந்ததும் வந்தார். அன்றைக்குத் தெருமுனையிலிருந்து ஹாரன் சத்தமே இல்லை, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தோம். இறங்கி, நேராக அவள் நாற்காலிக்குப் போனார். மெஷின் வேண்டாம், பழைய மாதிரியே செய்யுங்கள், அக்கா கல் சொன்னால்தான் வண்டியை எடுப்பேன் என்றார்.

"பாவம்னு சொல்றீங்களா?" என்றாள்.

"பாவம் பார்க்கற ஆளா நானு? டாக்சிக்காரன் அக்கா நான்."

அவளை நாங்கள் தூக்கி உட்கார வைக்கவில்லை, தானே கதவைப் பிடித்து ஏறினாள். இடது கால் செருப்பைக் கழற்றினாள். பாதத்தைப் பெடலில் வைத்து, கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள், பழைய மாதிரியே. நான் ஸ்பேனரோடு சக்கரத்தடியில் காத்திருந்தேன். கல் என்று சொல்லிவிடுவாள், அப்புறம் நான் மெஷினை வைத்துச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்று என் மனதில் கணக்கு. மிதித்தாள். எடுத்தாள். மறுபடி மிதித்தாள். ஹாரன் உதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். அவள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"தெரியலை" என்றாள்.

அந்தச் சீட்டிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியலைங்க. நீங்க ஏறி உட்காருங்க, நான் கீழ உட்கார்ந்துக்கறேன்."

ஒரு சாக்கை மடித்துப் போட்டோம். சக்கரத்தடியில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். நான் அலமாரியிலிருந்து புது டப்பாவை எடுத்து, வெள்ளித்தாளைக் கிழித்து, பானெட்டுக்கு அடியில் இருக்கிற ஆயில் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுச் சீட்டில் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரு நீளமாகக் கிடந்தது. இத்தனை காலம் அவள் பார்த்த தெரு அது, அந்த இடத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

"அமுக்குங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "பிடிங்க. எடுக்கக் கூடாது, பிடிங்க. ம்ம், விடுங்க."

ஒவ்வொரு சக்கரமாகப் போனோம். சாக்கை இழுத்து இழுத்துப் போட்டு அவள் நகர்ந்தாள், யாரையும் தொட விடவில்லை. குழாயில் கடுங்காப்பி போய்த் தேன் வருவதைப் பார்த்து, ஹாரன் கிண்ணத்தில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக் கொடுத்தார். என் காலுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது சக்கரத்தில்தான் மெத்தென்பது எது, நிற்பது எது என்று தெரிய ஆரம்பித்தது. கடைசிச் சக்கரம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

"கல்லா, பஞ்சா?"

எத்தனையோ பெருமை பேசியவன், அந்த ஒரு சொல்லைச் சும்மா சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னொரு முறை மிதித்தேன். பாதி வழியில் பெடல் என் உள்ளங்காலைத் தடுத்து நிறுத்தியது.

"கல்" என்றேன்.

"நிஜமாவா?"

"கல்தான்."

அவள் ஸ்பேனரைத் துணியில் துடைத்து வைத்தாள். ஹாரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் திரும்புகிறவரைக்கும் விடாமல் ஹாரன் அடித்தார், மரக்கடைக்காரர் வெளியே வந்து திட்டினார். அவள் சாக்கில் உட்கார்ந்தபடியே டப்பாவைக் கேட்டு வாங்கி, அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்ததை ஆட்டிப் பார்த்து, மூடியை இறுக்கமாகத் திருகி என்னிடம் நீட்டினாள்.

"வாய் திறந்தது. கொட்டிடுங்க."

நாளைக்குக் கொட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் முறைத்தாள், ஆனால் களைத்துப் போயிருந்தாள், விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. இடது காலிலும் புண் வந்தது, அது மேலே ஏறியது. அடுத்த மழை வந்தபோது வீட்டில் நானும் மகளும் மட்டும் இருந்தோம்.

உண்மையைச் சொல்லிக்கொள்ளச் சொன்னாள், சொல்லிவிட்டேன். ஹாரனின் வண்டிக்கு அன்றைக்கு ஊற்றியது புது டப்பா. அவள் கடைக்கு வந்துகொண்டிருந்தவரைக்கும் அந்த அலமாரியில் வாய் திறந்தது எதுவும் இருந்ததில்லை. அவளைப் பற்றி யாராவது இனி வேறு மாதிரி பேசினால் என் கடைக்கு வந்து என் முகத்துக்கு நேராகப் பேசட்டும்.

ஆனால் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தால், மேல் தட்டின் ஓரத்தில் ஒரு டப்பா இருக்கும். ஆட்கள் அதை இரண்டு முறை கொட்டப் போனார்கள், நான் பிடுங்கி வைத்தேன். இந்நேரம் அது குடிக்க வேண்டிய ஈரத்தையெல்லாம் குடித்திருக்கும், எந்த வண்டிக்கும் ஆகாது. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கிறது. அவள் முடுக்கியது, நான் திறந்து பார்க்கவில்லை.